பூச்சி மாத்திரை விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

'என் பிள்ளைக்குத்தான் பூச்சியே இல்லையே, எதுக்கு மாத்திரை?' பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டிப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் இதைக் கேட்கலாம். மலத்தில் நெளிந்தால்தான் பூச்சி என்று நினைக்கிறோம், ஆனால் கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தத்தைக் குடித்தபடி உள்ளேயே இருக்கும், வெளியே தெரிவது வெளிறிய முகமும் சோர்வும்தான்.

அளவிலும் தவறு நடக்கிறது. பள்ளியில் கொடுக்கும் இந்தப் பூச்சி மாத்திரையின் பெயர் அல்பெண்டசோல். 400 மில்லிகிராம் மாத்திரை 2 வயதுக்கு மேல் முழுசாக ஒன்று, 1 முதல் 2 வயது வரை பாதி. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு நீங்களாக எதுவும் கொடுக்காதீர்கள். பள்ளியில் போட்டது தெரியாமல் வீட்டிலும் இன்னொன்று கொடுப்பவர்கள் உண்டு, அதனால் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காய்ச்சலாகக் கிடந்தால் சரியான பிறகு கொடுக்கலாம். வலிப்பு வந்த பிள்ளை என்றால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்து மாத்திரையை வாயில் திணிப்பது. தயவுசெய்து வேண்டாம், தொண்டையில் சிக்கினால் மூச்சே அடைத்துவிடும். அது மென்று சாப்பிடும் மாத்திரை. சின்னக் குழந்தைக்கு இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நசுக்கி, தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பட்டினி போடுவது, விளக்கெண்ணெய் ஊற்றுவது எல்லாம் இதற்குத் தேவையே இல்லை. மாத்திரை போட்டதும் லேசாக வயிறு வலித்தாலோ குமட்டினாலோ பயப்பட வேண்டாம், பூச்சி நிறைய இருந்தால் அப்படி இருக்கும். விடாமல் வாந்தி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது கீரிப்பூச்சியில்தான். ராத்திரியானால் ஆசனவாயில் அரிப்பு, பிள்ளை தூங்காமல் சொறிந்துகொண்டே இருக்கும். மாத்திரை கொடுத்ததும் நின்றுவிடும், மூன்று வாரத்தில் மறுபடி ஆரம்பிக்கும், 'இனிப்பு தின்னாதே என்றால் கேட்கிறானா' என்று திட்டு விழும். இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! மருந்து புழுவைத்தான் கொல்லும், முட்டையை அல்ல. சொறிந்த கையின் நகத்தடியிலும் பாயிலும் போர்வையிலும் முட்டை ஒட்டியிருக்கும், அதே கை வாய்க்குப் போகும். அதனால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு டோஸ் வேண்டும், அதுவும் சொறிகிற பிள்ளைக்கு மட்டுமில்லை, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில். ஒரு வயது ஆகாத குழந்தைக்கும் வலிப்பு வந்தவர்களுக்கும் மேலே சொன்னதுதான்; கர்ப்பமாக இருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. மாத்திரை போடும் அன்றைக்கே நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, போர்வை, ஜட்டி எல்லாவற்றையும் உதறாமல் சுருட்டி எடுத்துப்போய் வெந்நீரில் துவைத்துவிடுங்கள். உதறினால் முட்டை வீடெல்லாம் பரவும்.