கேரல் ரவுண்ட்ஸுக்குப் பாட்டு எடுப்பது எப்படி

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்துக்குப் பக்கம். 140 வீடு. டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸுக்காக ஐந்து ராத்திரி வீடு வீடாகப் போய்ப் பாட்டுப் படிப்போம். வயசானவர்கள் பஜனை என்பார்கள், பிள்ளைகள் கேரல் ரவுண்ட்ஸ் என்பார்கள். 22 வருஷமாக ஆர்மோனியமும் பாட்டுப் பட்டியலும் என் பொறுப்பு. பக்கத்துச் சேகரங்களில் (சபை வட்டாரங்களில்) புதிதாகப் பொறுப்பு எடுக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “எந்தப் பாட்டு நல்ல பாட்டு அக்கா?” என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: “வாசல்ல நிக்கிற ஆச்சிக்கு எந்தப் பாட்டு வரும்?” அதிலிருந்து தொடங்குங்கள். கேட்கிறவர்களும் நம்மோடு சேர்ந்து படித்தால்தான் அது பஜனை.

நவம்பர் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குழுவில் எல்லாருக்கும் ஆளுக்கொரு சீட்டுக் கொடுங்கள். ஒரு பக்கம் பிடித்த பாட்டு, மறுபக்கம் வேண்டாம் என்கிற பாட்டு. இரண்டுக்கும் காரணம் கட்டாயம் எழுத வேண்டும். காரணம் இல்லாத சீட்டை நான் வாங்குவதே இல்லை. பிடித்த பாட்டு ஆளுக்கு ஆள் மாறும். பிடிக்காததற்குச் சொல்லும் காரணம் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே வரும்: மேலே எட்டவில்லை, வார்த்தை தெரியவில்லை, சினிமா மெட்டு மாதிரி இருக்கிறது. ஒரு வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், நான் உயிராக நினைக்கிற கீர்த்தனையை வேண்டாம் என்று எழுதியிருந்தான். காரணத்தைப் படித்தேன்: “டோலக் மாமா வேகத்தைக் கூட்டிக்கிட்டே போறாங்க, மூணாவது சரணத்துல வார்த்தை வாய்க்குள்ளயே நிக்கி.” அவன் சொன்னது சரி. பாட்டைப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. மூன்று சரணத்தை இரண்டாகக் குறைத்தோம், மாமாவிடம் பேசினோம். அடுத்த வருஷம் அவன் சீட்டில் அதே பாட்டு பிடித்த பக்கத்தில் இருந்தது.

எனக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். ஜிங்கிள் பெல்ஸ். அமெரிக்காவில் 1857-ல் வெளிவந்த பாட்டு. பனியில் குதிரை வண்டி ஓட்டுகிற சந்தோஷம்தான் அதில் இருக்கிறது. பாலன் இயேசு இல்லை, மேய்ப்பர் இல்லை, கிறிஸ்துமஸ் என்ற சொல்கூட இல்லை. சிறு பிள்ளைகள் குதித்துப் படிப்பார்கள், ஞாயிறு பள்ளி நிகழ்ச்சியில் படிக்கட்டும். ஆனால் உபதேசியார் (சபை ஊழியர்) ஜெபம் பண்ணக் காத்து நிற்கிற வாசலில் அதை எடுக்காதீர்கள். அதேபோல, செல்போனில் இசையை ஓடவிட்டு அதன் மேல் பாடுவதும் வேண்டாம். வீட்டுக்காரர் கொஞ்சம் மெதுவாகச் சேர்ந்தால் அந்த இசை அவருக்காக நிற்காது.

எனக்குப் பிடித்தவை கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் வளர்ந்தவர், நம்ம ஊர்ப் பிள்ளை. அந்தப் பெருமையும் உண்டுதான், ஆனால் பஜனைக்கு நான் கீர்த்தனை எடுப்பதற்குக் காரணம் பல்லவி. ஒவ்வொரு சரணத்துக்கும் பிறகு பல்லவி திரும்பி வரும். முதல் தடவை வீட்டுக்காரர் கேட்பார், இரண்டாம் தடவை உதடு அசையும், மூன்றாம் தடவை நமக்கு மேலே கேட்கும். பாமாலைப் பாட்டில் (மேல்நாட்டு மெட்டில் படிக்கிற ஞானப்பாட்டு) பெரும்பாலும் நாலு கவி, அதாவது நாலு சரணம், வரிசையாகப் போகும், திரும்பி வருகிற அடி இருக்காது. அதனால் பாமாலையிலிருந்து எடுக்கும்போது, ஊரில் எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்ததை மட்டும் எடுங்கள்.

அடுத்தது சுருதி. பெரும்பாலான குழுக்கள் கெடுவது இங்கேதான். எந்தப் பாட்டையும் முதல் அடியைப் பாடிப் பார்த்துக் கட்டையை, அதாவது ஆதார சுருதியை (ஒரு கட்டை C, இரண்டு D, நாலு F, ஐந்து G, ஆறு A), முடிவு பண்ணாதீர்கள். பாட்டின் உச்சி எங்கே இருக்கிறதோ அந்த அடியைப் பாடிப் பாருங்கள். ஊர் கூடிப் படிக்கும்போது அந்த உச்சி மேல் ஸ்தாயி இரண்டு கட்டையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆண்கள் வாயை மூடிக்கொள்வார்கள், பெண்கள் கத்துவார்கள். சைலன்ட் நைட் மெட்டைப் பாருங்கள். ஆரம்பம் தாலாட்டு மாதிரி இருப்பதால் ஒரு கட்டையில் சுகமாகத் தொடங்கிவிடுவோம். முடிவுக்கு வரும்போது மேல் ஸ்தாயி மத்திமத்துக்கு (ம) ஏறும், அதாவது மேல் நாலு கட்டை. அங்கே குரல் உடையும். கீழ் ஆறு கட்டைக்கு இறக்கிப் பிடியுங்கள், உச்சி சரியாக இரண்டில் நிற்கும். கடைசி ஸ்வரம் கொஞ்சம் அடங்கித்தான் போகும், பரவாயில்லை, உறங்கும் பிள்ளைக்குப் படிக்கிற பாட்டுதானே. அது முதன்முதலில் 1818-ல் ஆஸ்திரியாவில் ஒரு சிறிய கோயிலில் இரண்டு குரலும் ஒரு கிதாரும் வைத்துப் பாடப்பட்டது. அதனால் அதற்கு டோலக் வேண்டாம். ஆர்மோனியத்தில்கூட விரல் ஓட்டம் காட்டாமல் சுருதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

ஜாய் டு த வேர்ல்ட் மெட்டு இதற்கு நேர்மாறு. முதல் அடியே மேல் ஷட்ஜத்தில் எடுத்து, ச நி த ப ம க ரி ச என்று படிப்படியாக இறங்கும். ஆர்மோனியக்காரர் வழக்கம்போல் கீழ் ஷட்ஜத்தை மட்டும் காட்டினால் குழுவில் பாதிப்பேர் தப்பான இடத்தில் எடுப்பார்கள். மேல் ஸ்வரத்தை நாலு எண்ணிக்கை பிடித்துக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

நேரக் கணக்கு சுருக்கமாகச் சொல்கிறேன். 140 வீடு, ஐந்து ராத்திரி என்றால் ஒரு ராத்திரிக்கு 28 வீடு. ஒரு வீட்டுக்கு ஒரு பாட்டு, இரண்டு சரணம், ஜெபம், வாழ்த்து என்று ஏழு நிமிஷம் வையுங்கள், மூன்றே கால் மணி நேரம் வந்துவிடும். சாயங்காலம் ஆறரைக்குக் கிளம்பினால்தான் பத்து மணிக்குள் முடியும், அதற்கு மேல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. சுக்குக் காப்பியும் முந்திரிக்கொத்தும் எல்லா வீட்டிலும் கொடுப்பார்கள், ஒரு ராத்திரிக்கு இரண்டு வீட்டில் மட்டும் உட்காருவது என்று முன்னாலேயே சொல்லிவையுங்கள். மழைக் காலம், ஆர்மோனியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறை கட்டாயம்.

இனி துக்க வீடு. அந்த வருஷம் யாரையாவது இழந்த வீடுகளைப் பட்டியலில் முன்கூட்டியே குறித்துவையுங்கள். அந்த வாசலைத் தாண்டிப் போய்விடாதீர்கள். “எங்க வீட்டுக்கு மட்டும் வரலையே” என்ற வருத்தம் வருஷக்கணக்கில் இருக்கும். போங்கள், தாளம் இல்லாத பாட்டாக எடுங்கள்.

இதை நான் நன்றாகக் கற்றது 2023-ல். டிசம்பர் 17, 18 மழையில் எங்கள் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். இரண்டு ராத்திரி படித்திருந்தோம், அதோடு நின்றது. 23-ஆம் தேதி, கரண்ட் இன்னும் வரவில்லை, ஏழெட்டுப் பேர் மட்டும் டார்ச் லைட்டோடு போனோம். கடைசித் தெருவில் தனியாக இருக்கிற ஆச்சி வீட்டுச் சுவரில் ஜன்னல் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. திண்ணையில் கயிறு கட்டி, நனைந்த பாமாலைப் புத்தகத்தை நடுவில் விரித்துத் தொங்கப் போட்டிருந்தார்கள். பக்கங்கள் ஒட்டி அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. டோலக் வாசிக்கிற தம்பி பழக்கத்தில் அதில் கை வைத்தான், நான் அவன் கையைப் பிடித்தேன். பட்டியலில் இருந்த எந்தப் பாட்டும் எனக்கு வாயில் வரவில்லை.

ஆச்சிதான் கேட்டார்கள், “ஏன் சும்மா நிக்கிய? நான் எடுக்கட்டா?” பக்தரே வாரும் பாட்டை எடுத்தார்கள். நாங்கள் அதை எப்போதும் ஐந்து கட்டையில் படிப்போம். ஆச்சி எடுத்தது எந்தக் கட்டையிலும் சேராத இடம், ரொம்பக் கீழே. நான் ஆர்மோனியத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. துருத்தியை மூடிவிட்டு ஆச்சி குரலுக்குப் பின்னால் போனோம். நாலு கவியும் ஆச்சிக்குப் புத்தகம் இல்லாமல் வந்தது, எங்களில் பாதிப்பேருக்கு மூன்றாவது கவி வரவில்லை.

அன்று முதல் எங்கள் பட்டியலில் ஒவ்வொரு ராத்திரிக்கும் கடைசி வரியை, அதாவது கடைசி வீட்டுப் பாட்டை, எழுதாமல் விடுகிறேன். அந்த வீட்டு வாசலில் நின்றதும், “உங்களுக்கு எது வேணும்?” என்று கேளுங்கள். அவர்களே எடுத்தால் சுருதி திருத்தப் போகாதீர்கள், துருத்தியை மூடிவிடுங்கள்.