ஹார்ட் டிஸ்க்கில் எண்ணெய் விடாதீர்கள்

சத்தம் போட்ட ஹார்ட் டிஸ்க்கின் மூடியைக் கழற்றி, தையல் மெஷின் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டுவிட்டு என்னிடம் கொண்டுவந்தார் ஒருவர். ஃபேன் கிறீச்சிட்டால் எண்ணெய் விடுகிறோமே, இதுவும் சுற்றுகிற பொருள்தானே என்று நினைத்திருக்கிறார். உள்ளே ஏற்கெனவே மசகு இருப்பது அவருக்குத் தெரியாது.

உள்ளே சுற்றும் தட்டில், தகவல் பதிவாகும் காந்தப் படலத்துக்கு மேல் வைரம் போலக் கடினமான கார்பன் பூச்சு. அதற்கும் மேலே பெர்ஃப்ளூரோபாலிஈதர் என்ற மசகு, தடிமன் ஏறக்குறைய ஒரே ஒரு நானோமீட்டர். அதில் ஒரு பகுதி கார்பனைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் மெல்ல நகர்ந்து, தகவலைப் படித்து எழுதும் முனையான ஹெட் பட்டு மசகு விலகிய இடத்தைத் தானே மூடிவிடும். படிக்கும்போது ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இரண்டொரு நானோமீட்டர்தான் இடைவெளி. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் மூன்றரை அங்குல டிஸ்க்கில் தட்டின் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த இடைவெளிக்கு ஒரு சொட்டு எண்ணெய் வெள்ளம், ஒரு தூசி மலை. வீட்டில் மூடியைத் திறப்பதே தப்பு.

சுற்றாமல் நின்ற டிஸ்க்கைக் கையால் லேசாக அடித்தால் ஓடும் என்பார்கள், அது பழைய டிஸ்க்குகளின் கதை. அவற்றில் ஹெட் தட்டின் மேலேயே இறங்கி நிற்கும். மசகும் ஈரமும் சேர்ந்து, ஹெட்டையும் தட்டையும் நனைந்த இரண்டு கண்ணாடிகளைப் போல ஒட்டவைத்துவிடும்; அடித்தால் விடுபடும். இன்றைய டிஸ்க்குகளில் பெரும்பாலும் ஹெட் தட்டுக்கு வெளியே, பிளாஸ்டிக் சரிவில் ஏறி நிற்கிறது. அவற்றைக் கையால் அடித்தால் அடிதான் மிச்சம். ஃப்ரீசரில் வைப்பதும் வேண்டாம், வெளியே எடுத்ததும் ஈரம் படியும்.

என்னை மிகவும் வருத்துவது இன்னொன்று. டக் டக் என்று கேட்ட பிறகும் ரெக்கவரி சாஃப்ட்வேரைப் போட்டு இரவெல்லாம் ஓடவிடுவது. அப்படி ஓடிய டிஸ்க் ஒன்றைத் திறந்தபோது, கண்ணாடி மாதிரிப் பளபளக்க வேண்டிய தட்டில் ஒரு சாம்பல் வளையம். மூலையில் இருந்த வெள்ளை ஃபில்டர் கருத்திருந்தது. அந்தக் கரி, சுரண்டி எடுக்கப்பட்ட படலம், அதாவது அவர்களுடைய குழந்தையின் படங்கள். மசகு போய், கார்பனும் போய்விட்டால் உதிரும் தூளே ஹெட்டுக்கு அடியில் சிக்கி அடுத்த இடத்தையும் அரைக்கும். சத்தம் கேட்டதுமே நிறுத்தியிருந்தால் எவ்வளவோ மிஞ்சியிருக்கும்.

அப்புறம், எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எஜெக்ட் கொடுத்ததும் கையில் தூக்காதீர்கள். விரலை மேலே வைத்துப் பாருங்கள், அதிர்வு அடங்க சில விநாடி ஆகும்.