முதுகில் குழந்தையைக் கட்டும் ஆண்டீஸ் முறை: படிப்படியாக

பெரு, பொலிவியா மலைக்கிராமங்களில் தாய்மார்கள் குழந்தையைச் சுமப்பது ஒரே ஒரு சதுரத் துணியில்தான். கெச்சுவா பேசுகிறவர்களுக்கு அது லிக்யா, பொலிவியாவில் அவாயோ. கொக்கியோ வாரோ கிடையாது. அதை முதுகில் கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு தோண்டுவார்கள், ஆடு மேய்ப்பார்கள், நடந்துகொண்டே தக்கிளியில் கம்பளி நூற்பார்கள். என் மகளையும் இப்படித்தான் சுமக்கிறேன். துணி காயப்போட இரண்டு கையும் கிடைப்பது பெரிய விஷயம்.

கழுத்து நன்றாக நின்று, குழந்தை தானாக உட்காரத் தொடங்கிய பிறகே இதில் இறங்குங்கள். அங்கே கைக்குழந்தைகளைக் கால் நீட்டி, நெய்த பட்டையால் இறுகச் சுற்றித் துணிக்குள் படுக்க வைப்பதும் வழக்கம். அதை மட்டும் பின்பற்ற வேண்டாம்; கால்களை நேராக இறுக்கிக் கட்டினால் இடுப்பு மூட்டுக்கு ஆகாது.

துணி. நான்கடிச் சதுரம் போதும். பருத்த உடம்பு என்றால் நாலரை. அசல் லிக்யாவை இரண்டு பாதிகளாக நெய்து நடுவில் தைத்திருப்பார்கள். குழந்தையின் எடை விழுவது அந்தத் தையலின் மேல்தான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இரு பக்கமும் இழுங்கள். தையலில் ஓட்டை தெரிந்தால் அது சுவரில் மாட்டத்தான் லாயக்கு. சுற்றுலாச் சந்தைகளில் விற்கும் செயற்கை நூல் துணி கண்ணைப் பறிக்கும், ஆனால் வழுக்கும். சென்னிமலைப் போர்வை போன்ற இறுக்கமான கைத்தறிப் பருத்தியை வெட்டி ஓரம் அடித்துக்கொள்வதே என் கட்சி.

படி 1. கட்டில்மேல் துணியை வைர வடிவில் விரித்து, மேல் மூலையை ஒரு முழம் உள்ளே மடியுங்கள். குழந்தையைத் துணியின் நடுவில் வையுங்கள்; அந்த மடிப்பு அதன் அக்குள் உயரத்துக்கு வரட்டும். முதலில் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துப் பழகுங்கள். குழந்தையோடு செய்யும்போது பின்னால் இன்னொருவர் நிற்கட்டும்.

படி 2. குழந்தைக்கு முதுகு காட்டிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, பக்க மூலைகள் இரண்டையும் தோள்களுக்கு மேலாக இழுத்துக் குழந்தையை முதுகில் ஏற்றுங்கள். மூலைகளை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 3. பலரும் தடுமாறுவது இங்கேதான். முடிச்சு இறுகினால் போதும் என்று நினைக்கிறோம். உண்மையில் குழந்தையைத் தாங்குவது இருக்கை. தொங்கும் கீழ் மூலையைக் கால்களுக்கு இடையே மேலேற்றி, குழந்தையின் வயிற்றுக்கும் உங்கள் முதுகுக்கும் நடுவே செருக வேண்டும். உங்கள் கை மூலைகளில் இருப்பதால் இதை உதவிக்கு நிற்பவர் செய்யட்டும். பிறகு குனிந்தபடியே லேசாக ஒரு குலுக்குக் குலுக்கினால் பிட்டம் துணிக்குள் இறங்கி, தூளியில் உட்கார்ந்த மாதிரி முழங்கால்கள் மேலேறும். மூலைகள் இரண்டையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் பின்னால் தடவிப் பாருங்கள். ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்புவரை துணி ஓடியிருக்க வேண்டும். முழங்கால் பிட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால் கட்டாதீர்கள். இறக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அழுதாலும் சரி.

படி 4. காறை எலும்புக்குக் கீழே, நெஞ்சின்மேல் முடிச்சு. வலது நுனி இடதின் மேல், அடுத்து இடது நுனி வலதின் மேல். சரியாக விழுந்த முடிச்சில் நுனிகள் துணியோடு படிந்து கிடக்கும். குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றால் அது வழுக்கும் முடிச்சு. ஊசி, புரோச் எதுவும் வேண்டாம். அங்கே பெண்கள் தூப்பு என்ற வெள்ளி ஊசி குத்துவது தாங்கள் போர்த்தும் சால்வைக்கு.

மூடுவது பற்றி. புகைப்படங்களில் குழந்தையின் முகம்கூடத் தெரியாமல் போர்த்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான்காயிரம் மீட்டர் உயரத்தில் குளிரும் வறட்சியும் மெல்லிய காற்றும் சேர்ந்து வாட்டும். அமெரிக்கக் குழந்தை உளவியலாளர் எட்வர்ட் டிரோனிக் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பொதிக்குள் வெளியைவிட வெப்பமும் ஈரப்பதமும் கூடுதல், ஆக்சிஜன் சற்றுக் குறைவு என்று கண்டார்கள். வளர வளரப் பொதியைத் தளர்த்தியும் திறந்தும் விடுவார்களாம். நம் ஊர் வெயிலில் அதைச் செய்தால் குழந்தை புழுங்கிவிடும். மூக்கும் வாயும் திறந்திருக்கட்டும். முகத்தை அடிக்கடி செல்பி கேமராவில் பாருங்கள்.

பிற்சேர்க்கை: பால் கொடுக்கும் அம்மாக்கள் சிலர் முடிச்சு மார்பை அழுத்துவதாக எழுதியிருந்தார்கள். ஒரு நுனியைத் தோள்மேலும் மற்றதை எதிர்ப்பக்க அக்குளின் கீழும் கொண்டுவந்து கட்டுங்கள்; சுமை கட்டும்போது அங்கேயும் அப்படிச் செய்வதுண்டு. ஒரே தோள் வலிக்கும், பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். பட்டுப் புடவையில் கட்டலாமா என்று கேட்டவருக்கு: கூடாது, வழுக்கும். அடுப்படியிலும் ஸ்கூட்டரிலும் எந்தத் துணியானாலும் கூடாது.