கார்டு இயந்திரம் கேட்கும் கேள்வி
வெளிநாட்டில் பயிற்சிப் பணிக்குப் போன இடத்தில், கடையிலோ ஏடிஎம்மிலோ 'உங்கள் நாட்டுப் பணமா, உள்ளூர்ப் பணமா?' என்று திரை கேட்டால், யோசிக்காமல் உள்ளூர்ப் பணத்தைத் தேர்ந்தெடுங்கள். சொந்த நாட்டுப் பணத்தைத் தொட்டால், இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம் தன் லாபத்தையும் சேர்த்து மாற்று விகிதத்தை வைக்கும். உள்ளூர்ப் பணம் என்றால் விசா, மாஸ்டர்கார்டு போன்றவற்றின் விகிதம். பெரும்பாலும் அதுதான் மலிவு. ஏடிஎம்மில் 'மாற்று விகிதத்தை ஏற்கவில்லை' என்ற பொத்தானைப் பார்த்தால் பணமே வராதோ என்று கை தயங்கும். அழுத்துங்கள், வரும். ஆனால் உங்கள் வங்கி பிடிக்கும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் இதனால் குறையாது. அந்த ஊரிலேயே கணக்குத் தொடங்கிக் கார்டு வாங்கிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.