தடயவியல் தொடர்கதை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தடயவியல் நிபுணர் கொலைகாரனைத் துரத்தும் தொடர்கதைக்குச் செட்டிநாட்டு வீட்டைக் களமாக்கும் புதியவர்கள், திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பெயர்க் குழப்பம், தேதிக் குழப்பம் எல்லாம் மறுவாசிப்பில் அகப்பட்டுவிடும். இவை அகப்படாது.

இறந்த நேரத்தை மணி பார்த்துச் சொல்வது

மே மாதம். காரைக்குடி வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில், பிணம். நிபுணர் தொட்டுப் பார்த்து, "ராத்திரி பத்தேகாலுக்கு உயிர் போயிருக்கு" என்கிறார். அந்தப் பத்தேகாலை நம்பித்தான் மற்ற அத்தியாயங்களில் யார் எங்கே இருந்தார் என்ற கணக்கெல்லாம். அது பொய்த்தால் தொடரே சரிந்துவிடும். எத்தனை முறை படித்தாலும் எரிச்சல் தரும் தவறு இது.

சுற்றியுள்ள காற்று உடம்பைவிடக் குளிர்ந்திருந்தால்தான் பிணம் குளிரும். உயிருள்ள உடம்பின் சூடு சுமார் 37 டிகிரி. கத்திரி வெயிலில் பகல் காற்றும் அதைத் தொட்டுவிடும். அப்போது பிணத்தின் சூடு எவ்வளவு இறங்கியது என்று கழித்துப் பார்க்க எதுவும் மிஞ்சாது. அதே வீட்டில், தடித்த சுவருக்குள் இருக்கும் இரண்டாங்கட்டு அறையில் குளிரும் வேகமே வேறு. கையால் தொட்டால் போதாது, மலக்குடலில் வெப்பமானி வைத்து அளக்க வேண்டும். அப்படி அளந்து, எல்லாம் ஒத்து வந்தாலும், பிணத்தின் சூட்டை வைத்து இறந்த நேரத்தைக் கணிக்கும் ஹென்ஸ்கே வரைபடம் முன்னும் பின்னும் 2.8 மணி நேரம் விட்டுத்தான் சொல்லும்.

ஆகவே நிபுணர் வாயில் ஓர் இடைவெளியைக் கொடுங்கள்: "சாயங்காலம் ஆறிலிருந்து நடுராத்திரிக்குள்ள." விறைப்பு, ரத்தம் தேங்கிய நிறம், ஈ முட்டை மூன்றையும் சேர்த்துப் பார்க்கட்டும். ஈ இரவில் பெரும்பாலும் முட்டையிடாது. பூட்டிய அறைக்குள் வரத் தாமதமாகும். திறந்த வளவில் விடிந்ததும் மொய்க்கும். இடைவெளி அகன்றால் சந்தேகப்பட இன்னும் இருவர் கிடைப்பார்கள். மர்மக் கதைக்கு அது லாபம்.

லூமினால் ஒளிர்ந்தால் ரத்தம் என்று முடிப்பது

லூமினால், ரத்தக்கறையைத் தேடத் தெளிக்கும் ரசாயனம். செம்பு உலோகமும் பிளீச்சிங் பவுடரும்கூட அதை ஒளிரச் செய்யும். களிம்பேறிய பித்தளை அண்டாக்கள் அடுக்கிய அறையில் இன்னும் கவனம் வேண்டும். உறுதிச் சோதனை இல்லாமல் அத்தியாயத்தை முடிக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் துடைத்தாலும் கல்லுக்குக் கல் உள்ள இடுக்கில் ரத்தம் தங்கும். பஞ்சுக்குச்சி அங்கே போகட்டும்.

அரளி விஷமும் ஃபார்மலினும்

அரளி விஷம் என்று சந்தேகித்து நச்சுச் சோதனைக்கு அனுப்பும் உள்ளுறுப்புகளை, உடல் அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டால் சோதனையே கெடும். செறிந்த உப்புக் கரைசல்தான் வழக்கம்.

பிரேதப் பரிசோதனையை நிபுணரே செய்வது

அது மருத்துவர் வேலை.

பழைய சட்டப் பிரிவு

சந்தேக மரணம் 2024 ஜூலை 1-க்குப் பிறகு என்றால் விசாரணைப் பிரிவு, புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (BNSS) சட்டத்தின் 194. அதற்கு முன் நடந்த கதைக்கு மட்டும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174.