ஹார்மனி பட்டனை அழுத்தியும் ஹார்மனி வரவில்லையா?

போன டிசம்பரில் பெரம்பூரில் கேரல் ரவுண்ட்ஸ். குட்டியானையில் கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர், பாடுகிறவர்கள் என்று எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. மூன்று நாள் இருக்கும்போது ஆல்டோ பாடும் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டாம் குரலுக்கு வேறு ஆள் இல்லை. அப்போதுதான், கீபோர்டு வாங்கிய நாள் முதல் நான் தொடாமலே விட்டிருந்த ஹார்மனி பட்டன் ஞாபகம் வந்தது. வலது கையில் ஒரே ஒரு கட்டையை அழுத்தினால், துணைக்கு ஒன்றிரண்டு சுரங்களைக் கருவியே சேர்த்துக் கொடுக்கும். அதைப் பழக எனக்கு மூன்று ராத்திரி பிடித்தது. உங்களுக்கு அரை மணி நேரத்தில் கைவரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) பிடிக்கவும் ஸ்டைல் (கருவியே வாசிக்கும் பின்னணித் தாளம்) ஓட்டவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். என்னிடம் இருப்பது யமஹா பிஎஸ்ஆர்-இ373. கேசியோ சிடி-எக்ஸ் வரிசையில் இதற்கு ஆட்டோ ஹார்மனைஸ் என்று பெயர்.

முதலில் வாய்ஸைத் (எந்த வாத்தியத்தின் ஒலி என்பதை) தேர்ந்தெடுங்கள், ஹார்மனி வகையை அதற்கு அப்புறம். வாய்ஸை மாற்றும்போது அதற்குப் பொருத்தமான வகைக்குக் கருவி தானாகவே தாவிவிடும் என்பதால் இந்த வரிசை முக்கியம். ஹார்மனி பட்டனை ஒரு வினாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் வகைகளின் பட்டியல் வரும். என் மாடலில் 26 இருக்கின்றன. அவற்றில் முதல் 5 தான் துணைச் சுரம் சேர்ப்பவை: டூயட், ட்ரியோ, பிளாக், கன்ட்ரி, ஆக்டேவ். மற்றவை ட்ரில், ட்ரெமோலோ, எக்கோ. நமக்கு இப்போது வேண்டாம். புல்லாங்குழல், வயலின் போன்ற தனி வாத்தியத்துக்கு டூயட் வையுங்கள். ஸ்ட்ரிங்ஸ், ஆர்கனுக்கு ட்ரியோ. டிரம்பெட் போன்ற பிராஸ் வாத்தியங்களுக்கு பிளாக் எடுபடும். மற்றவற்றில் மெட்டையே அமுக்கிவிடுகிறது என்பது என் அனுபவம்.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். டூயட்டைத் தேர்ந்தெடுத்தேன், திரையில் ஹார்மனி என்று காட்டுகிறது, வலது கையில் வாசித்தால் ஒற்றைச் சுரம்தான் கேட்கிறது. கருவி பழுதாகிவிட்டது என்றே முடிவு செய்து, காலையில் கடைக்கு எடுத்துப் போக உறையில் போட்டு ஜிப்பும் இழுத்துவிட்டேன். அதில் பழுதே இல்லை. ஏசிஎம்பி (தானியங்கிப் பின்னணி) பட்டனை நான் போடவில்லை, அவ்வளவுதான்.

வலது கை வாசிக்கும் மெட்டை மட்டும் வைத்துக் கருவியால் துணைச் சுரத்தை முடிவு செய்ய முடியாது. 'இ' என்ற ஒரு சுரம் சி மேஜரிலும் இருக்கிறது, ஏ மைனரிலும் இருக்கிறது, இ மைனரிலும் இருக்கிறது. எந்தக் கார்டு என்று இடது கைதான் சொல்ல வேண்டும். ஏசிஎம்பி போட்டால்தான் இடது பக்கக் கட்டைகளைக் கருவி கார்டாகப் படிக்கும். அதைப் போட்டுவிட்டு, இடது கையில் சி, இ, ஜி பிடியுங்கள். வலது கையில் மேலே இருக்கும் ஒரு 'இ'. ட்ரியோவில் அதற்குக் கீழே 'சி'யும் 'ஜி'யும் சேர்ந்து வரும். வலது விரலை எடுத்து, இடது கையை ஏ மைனருக்கு மாற்றி, அதே 'இ'யை மறுபடி அழுத்துங்கள். இப்போது கீழே 'சி'யும் 'ஏ'வும். விரல் விழுந்தது அதே கட்டையில்தான், ஆனால் பாட்டின் முகமே மாறிவிடுகிறது. முதல் தடவை இதைக் கேட்டபோது ராத்திரி பதினோரு மணி. அம்மாவை எழுப்பிக் கேட்கச் சொன்னேன்.

டிரம்ஸ், பேஸ் எல்லாம் கூடவே வருகிறதே என்றால், ஸ்டைல் வால்யூமைக் குறைத்துவிடுங்கள். கார்டைக் கருவி படித்துக்கொண்டுதான் இருக்கும், ஹார்மனியும் வரும். நாங்கள் கிட்டாரோடு பாடியதால் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

அடுத்தது ஸ்பிளிட் பாயின்ட், அதாவது இடது கைக்கும் வலது கைக்கும் கட்டைகளைப் பிரிக்கும் இடம். என் கருவியில் அது 54-ஆம் எண், அதாவது நடு சி-க்குக் கீழே இருக்கும் எஃப் ஷார்ப். அந்தக் கட்டையும் அதற்குக் கீழே உள்ளவையும் இடது கைக்குச் சொந்தம். மெட்டு அதற்குக் கீழே இறங்கினால் அந்தச் சுரத்தைக் கருவி மெட்டாக எடுத்துக்கொள்ளாது; கார்டின் பகுதியாக எடுத்துக்கொண்டு கார்டையே குழப்பிவிடும். மெட்டை ஒரு ஆக்டேவ் மேலே வாசியுங்கள். பாடுபவர் 5 கட்டை சுருதி கேட்டால் விரல்களை மாற்றாதீர்கள், சுருதியை நகர்த்தும் டிரான்ஸ்போஸ் போடுங்கள். ஹார்மனியும் கூடவே நகர்ந்துவிடும்.

பழக வேண்டியது ஒன்றுதான்: கார்டு மாறும் இடத்தில் இடது கை ஒரு கணம் முந்த வேண்டும். வலது கட்டையை அழுத்தும் நொடியில் எந்தக் கார்டு இருக்கிறதோ, அதிலிருந்துதான் துணைச் சுரம் வரும். இடது கை பின்தங்கினால் புது மெட்டுக்குப் பழைய கார்டின் சுரம் ஒட்டிக்கொள்ளும். மெட்ரோனோமை 60-ல் வைத்து, சி-யிலிருந்து எஃப், எஃப்-பிலிருந்து ஜி என்று மாற்றிப் பாருங்கள். வலது கையில் ஒரு நேரத்தில் ஒரே கட்டை போதும். சஸ்டெயின் பெடலைக் கழற்றி வையுங்கள். அதை மிதித்தால் துணைச் சுரங்களும் சேர்ந்து தேங்கி இரைச்சலாகிவிடும். ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்கள் என் மாடலில் 48, பழைய சில கருவிகளில் 32. ஸ்டைலும் ட்ரியோவும் பெடலும் சேர்ந்தால் 32 சீக்கிரம் தீர்ந்து, நீண்ட சுரங்கள் பாதியில் அறுந்துபோகும்.

நம் ராகங்களுக்கு இது ஒத்துவருமா? சங்கராபரணம் மேஜர் ஸ்கேல்தான், அதனால் அதில் அமைந்த நேரான மெட்டுகளுக்கு அழகாகப் பொருந்தும். கீரவாணியில் கவனம் வேண்டும். ஏ-யை ஸட்ஜமாக வைத்தால் நிஷாதம் ஜி ஷார்ப். அங்கே பழக்கத்தில் இ மைனர் பிடித்தால், 'பி' வாசிக்கும்போது கருவி சாதா 'ஜி'யைச் சேர்த்துவிடும். அடுத்து நீங்கள் ஜி ஷார்ப் தொட்டதும் காது கூசும். இ மேஜர் பிடியுங்கள், சரியாகிவிடும். கமகம் வரும் இடங்களில் ஹார்மனியை அணைத்துவிடுவதே நல்லது. பிட்ச் பெண்ட் வீல் உள்ள ஒரு கருவியில் முயன்று பார்த்தேன். துணைச் சுரங்களும் சேர்ந்து வழுக்கின. அசைவது ஒரு குரலாக இருந்தால்தான் அது கமகம்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு, கேசியோ வைத்திருக்கும் ஒரு தம்பி "மைனர் பிடித்தால் ஹார்மனி தப்பாக வருகிறது அண்ணா" என்று எழுதியிருந்தார். விசாரித்தால், யமஹாவில் பழகிய விரலை அப்படியே வைத்திருக்கிறார். யமஹாவின் எளிய முறையில் மைனருக்கு, மூலக் கட்டையோடு (கார்டுக்குப் பெயர் தரும் கட்டை) அதற்கு இடப்பக்கம் அருகில் உள்ள கறுப்புக் கட்டை. கேசியோ கார்ட் முறையில், மூலக் கட்டையோடு அதற்கு வலப்பக்கம் ஏதாவது ஒரு கட்டை. பழைய விரலை வைத்தால், இடது ஓரத்தில் இருக்கும் கறுப்புக் கட்டையையே கேசியோ மூலமாக எடுத்துக்கொள்ளும். மூன்று சுரத்தையும் முழுதாகப் பிடிக்கும் ஃபிங்கர்டு முறைக்கு மாறச் சொன்னேன். எந்தக் கருவியில் உட்கார்ந்தாலும் அது ஒன்றுதான். அன்று சாயங்காலமே வாசித்து அனுப்பினார். ஏ மைனரில் 'சி'யும் 'ஏ'வும் சுத்தமாக வந்திருந்தன.