மார்கழிக் கோலத்துக்கு எந்தப் பூவைப் பறிக்கலாம்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு வாசலில் மார்கழி முழுக்கச் சாணி உருண்டையில் பறங்கிப் பூ வைப்போம். கல்யாணமாகி வந்த முதல் வருஷம், கண்ணில் பட்ட பூவையெல்லாம் நான்தான் பறித்தேன். பொங்கல் குழம்புக்குக் கடையில் பறங்கிக்காய் வாங்க வேண்டி வந்தது. அத்தை என்னைக் கொடியருகே கூட்டிப்போய் ஒரு பூவைத் திருப்பிக் காட்டினார். "அடியில நெல்லிக்காய் மாதிரி பிஞ்சு இருக்கு பாரு. அது பொம்பளப் பூ. அதத் தொடாதம்மா."

காம்பு நீளமாக, மெலிசாக, அடியில் பிஞ்சு இல்லாமல் நிற்பது ஆண்பூ. அதைத்தான் பறிக்க வேண்டும். அதிலும் கொடிக்கு நாலைந்தாவது விட்டுவையுங்கள். மகரந்தம் அதில்தானே இருக்கிறது! விடியலில் விரியும் பூ வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். தேனீக்கு உள்ள நேரம் அந்தச் சில மணிதான். கொடி பூக்கத் தொடங்கும்போது முதல் ஒரு வாரம் ஆண்பூ மட்டுமே வரும். காய்க்கவில்லையே என்று அப்போது உரம் கொட்டாதீர்கள்.

நம் ஊரில் பனி உறைவதில்லை. மார்கழி இரவிலும் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதனால் தேனீக்கள் முடங்குவதில்லை. இரை தேடி வருகின்றன. பயிருக்கும் இதுதான் நல்ல காலம். மழைதான் இங்கே சோதனை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது எங்கள் தோட்டத்தில் மூன்று நாள் தண்ணீர் நின்று கொடிகள் வேரோடு அழுகிப்போயின. அதிலிருந்து ஐப்பசி முதல் வாரத்தில் பேப்பர் கப்பில் விதை போட்டுத் தாழ்வாரத்தில் வைக்கிறேன். மூன்று இலை விட்டதும், மணலும் மக்கிய சாணியும் கலந்து ஒரு அடி உயரத்துக்கு மேடு கட்டி நடுகிறேன். கார்த்திகை பிறந்ததும் இன்னொரு தவணை விதைப்பேன். ஒன்று போனால் இன்னொன்று நிற்கும்.

தூறலும் மூடுபனியுமாக இருக்கும் நாளில் தேனீ வராது. அன்று நாமே செய்ய வேண்டியதுதான். காலை ஒன்பது மணிக்குள் ஒரு ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். ஒரு ஆண்பூ இரண்டு பெண்பூவுக்குப் போதும். மகரந்தம் சேராத பிஞ்சு சில நாளில் மஞ்சளாகி உதிர்ந்துவிடும்.

கத்தரிக்கும் தக்காளிக்கும் கணக்கு வேறு. அவற்றின் மகரந்தம் குழல் போன்ற பைக்குள் அடைந்திருக்கும், அதிர்ந்தால்தான் கொட்டும். வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீயும், முருங்கைப்பூவில் ரீங்காரமிடும் பெரிய கருவண்டும் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கின்றன. பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலப்பட்டைத் தேனீ மண்ணில் வளை தோண்டும், கருவண்டு காய்ந்த மரத்தில் துளை போடும். ஆகவே தோட்டம் முழுக்க சிமென்ட் பூசாமல் ஒரு மூலையில் மண்ணை வெறுமனே விடுங்கள். பட்டுப்போன முருங்கைக் கிளை ஒன்றையும் வெட்டாமல் வையுங்கள்.

சுரையும் புடலையும் அந்திக்குப் பூப்பவை. மகரந்தம் சேர்க்க அந்துப்பூச்சிகள் வரும். அந்த நேரத்தில் தோட்டத்து விளக்கை அணைத்துவிடுவது நல்லது.

காய்கறிப் பூ மட்டும் தேனீக்களுக்குப் போதாது. மழைக்குப் பின் தானாக முளைக்கும் தும்பையைக் களை என்று பிடுங்காதீர்கள்; என் தோட்டத்தில் அதிகக் கூட்டம் அதில்தான். துளசிக் கதிரைப் பாதி கிள்ளி பாதி விடுவேன். முற்றிப்போன கொத்தமல்லியைப் பூக்கவிட்டால் குட்டித் தேனீக்கள் மொய்க்கும். வேலியோரத்து எருக்கை வெட்டச் சொல்லி அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். அதன் இலையில் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியின் புழுக்கள் வளர்வதைக் காட்டியபின் யாரும் வற்புறுத்துவதில்லை.

போன வருஷம் சுவர் பூச வந்த கொத்தனார், செங்கல் இடுக்கிலிருந்து நீட்டியிருந்த மெழுகுக் குழலைக் கரண்டியால் தட்டப் போனார். அது கொசுத்தேனீக் கூடு, கொட்டாது. "அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுடுங்கண்ணே" என்று கேட்டுக்கொண்டேன். பழைய சுவர் உள்ளவர்கள் பூசும் முன் ஒருமுறை பாருங்கள்.

பனிக்காலத்தில் பறங்கி இலையில் சாம்பல் பூத்தாற்போல் நோய் வரும். அடியிலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, புளித்த மோர் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து தெளிக்கிறேன். பூச்சிக்கு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும். எதுவானாலும் பூவில் படாமல், மாலை ஐந்து மணிக்கு மேல். காலையில் தெளித்தால் பூவுக்கு வந்த தேனீ மேலேயே போய்ச் சேரும். கடையில் கொடுக்கும் பூச்சிமருந்தை நான் வாங்குவதே இல்லை.

மார்கழி பிறந்து முதல் வாரத்துக்குள் மகரந்தம் சேர்ந்த பிஞ்சு, பொங்கலுக்குப் பச்சை பறங்கிக்கொட்டையாக, அதாவது முற்றாத இளங்காயாகக் கைக்கு வரும். மொச்சையோடு குழம்பில் போட அந்த இளசுதான் சரி.